ஹாரன் அடிக்காத குமுதா அக்கா

குமுதா அக்கா வாயைத் திறந்தால் பத்துமலை முருகனே வேலை ஓரமாகச் சாத்திவைத்துவிட்டுக் காது கொடுப்பான். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அவர் வேனை மறித்துக் காரை நிறுத்திவிட்டு எவனாவது சாப்பிடப் போயிருந்தால், ஹாரனில் கை வைக்க மாட்டார். இறங்குவார், துப்பட்டாவை இழுத்து முடிச்சுப் போடுவார், நடப்பார்.

நோயாளிகளை டயாலிசிஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போவது அவர் தொழில். காத்திருக்கும் நேரமெல்லாம் கவசம் போட்ட குதிரைவீரர் கதைகள் படிப்பதுதான். வாள் வீச்சு வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவார். "சண்ட எல்லா புக்லயும் ஒண்ணுதான்லா. அதுக்கு முன்ன பேசுறானுங்க பாரு, அதான் கதை. மொதல்ல பேரச் சொல்லுவான். அப்புறம் எதிரியோட மரியாதைய அவன் கையிலயே தூக்கிக் குடுப்பான். கடைசியா சத்தியம். நாலு பேரு முன்ன சொல்லிட்டா வாபஸ் கெடையாது."

போன வாரம் மறித்து நின்றது ஒரு கறுப்பு பிக்கப் வண்டி. வேனுக்குள் உஷாராணி ஆன்டி, கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு. நேரம் தவறினால் அவர் படுக்கை இன்னொருவருக்குப் போய்விடும்.

"ஹாரன் அடிங்கக்கா!" என்று கத்தினான் இதை எழுதுகிறவன். ஆன்டியைக் கைத்தாங்கலாக இறக்கிவிட முன் சீட்டில் வந்திருந்தான். அக்கா வாங்கித் தரும் ஒரு ரொட்டி சானாய்க்காக மட்டும்தான் வருகிறான் என்பது அவன் கட்சி.

"அடிச்சா திட்டுவான். திட்டிட்டு மறுசோறு கேப்பான்."

பிக்கப்காரர் கடைவாசல் மேசையில் இலைக்கு முன்னால் இருந்தார். அக்கா எதிரே போய் நின்றார். பின்னாலேயே இறங்கி வந்து பக்கத்தில் நின்றான் எழுதுகிறவன்.

"வணக்கம்ணே. என் பேரு குமுதா, கிள்ளான் தம்புசாமி மக. ஒரு உயிரக் காக்க வைக்கிற ஆளு நீங்க இல்லன்னு மூஞ்சியிலயே தெரியுது. வேன்ல ஒரு அம்மா மூச்சுக்குத் தவிக்கிறாங்க. நீங்க எந்திரிக்கிற வரைக்கும் இங்கேருந்து நகர மாட்டேன். சத்தியம்."

"என்னக்கா, எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா?"

மேசைகள் சிரித்தன. அக்கா சிரிக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டார். "வணக்கம்ணே. என் பேரு குமுதா, கிள்ளான் தம்புசாமி மக..."

மூன்றாம் முறை "வணக்கம்ணே" என்றபோது கடையில் ஒருவரும் மெல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் பிக்கப்காரர் இலைமேல்.

"போதும்கா, போறேன்!" சோற்றுக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி, இடது கையால் அவர் பிக்கப்பை எடுத்தார்.

முனை திரும்பினால் அங்கேயும் ஒரு கார் குறுக்கே. அதன் சொந்தக்காரர் எதிர்க்கடையில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா இறங்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"அங்க நான் பேசறப்ப உன் வாயும் அசைஞ்சுச்சு."

"சும்மா, கிண்டலுக்குக்கா."

"கிண்டலுக்கா? 'சத்தியம்'னு எனக்கு முன்னயே முடிச்சிட்டியேடா."

எட்டி, அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.