இடப்பக்கப் பின்கதவு

சீனிமுகம்மது கார் ஓட்டியது பத்தொன்பது வருடம். ஓட்டாமல் இருப்பது முப்பத்தைந்து வருடம். இப்போது வயது எழுபத்து மூன்று.

ஓட்டிய காலம் முழுவதும் ஒரே கார்தான். கறுப்பு ஒஸ்டின், அவருக்கு ஒரு வயதாக இருந்தபோது கப்பலில் வந்து இறங்கியது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை ஹயருக்கு நிற்கும். மருதமுனை, பெரியநீலாவணை, சம்மாந்துறை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகும். கல்யாணக் காலத்தில் மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் அந்தக் கார்தான். அவருக்கு ஊரில் ஒரு நல்ல பேர் இருந்தது. பெண்கள் ஏறினாலும் இறங்கினாலும் சீனி நானா தானே இறங்கி வந்து கதவைத் திறந்துவிடுவார். மரியாதை தெரிந்த மனிதர் என்றார்கள்.

மரியாதையும் இருந்தது. ஆனால் கதவு பழுது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் திறந்த கதவில் தொங்கிக்கொண்டு வந்ததில், இடப்பக்கப் பின்கதவு சற்றுக் கீழே இறங்கிவிட்டது. கைபிடியை மேலே தூக்கி, உள்ளே ஒரு தள்ளுத் தள்ளி, பிறகு இழுத்தால்தான் திறக்கும். அந்த வித்தை அவருக்கு மட்டும் தெரியும். வலப்பக்கப் பின்கதவை ஹயர்காரர் பலர் அந்நாளில் கம்பியால் கட்டியே வைத்திருந்தார்கள், வீதிப்பக்கம் யாரும் இறங்கிவிடக்கூடாது என்று. இவரும் கட்டியிருந்தார். கராஜில் விடவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைப்பார். ஒரு ஹயர் வந்துவிடும்.

1990 செப்டம்பரில், ஊரடங்கு போட்டிருந்த ஒரு பகலில், மனைவி நாச்சியாவுக்குப் பிரசவ வலி கண்டது. பின்சீட்டில் நாச்சியாவும் ஒரு மருத்துவிச்சியும். முன்னால் நாச்சியாவின் தம்பி மக்கீன். சோதனைச் சாவடியில் சீனிமுகம்மதுவை மட்டும் இறக்கி நிறுத்திக்கொண்டு காரைப் போகச் சொன்னார்கள். டிராக்டர் ஓட்டத் தெரிந்த மக்கீன் காரை எடுத்துப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறக்கவில்லை. மக்கீன் இழுத்தார், வாசலில் நின்றவர்களும் வந்து இழுத்தார்கள். கடைசியில் முன்சீட்டுக்கு மேலால்தான் நாச்சியாவைத் தூக்கி எடுக்க முடிந்தது. அதற்குள் குழந்தை காருக்குள்ளேயே பிறந்துவிட்டது. பின்னேரம் அஸர் பாங்குக்கு முதல் நாச்சியா உயிர் பிரிந்து மௌத்தானார்.

மக்கீனுக்குக் கை நடுங்கிவிட்டது, ஒரு கார்க் கதவைத் திறக்கத் தெரியவில்லை என்று ஊர் சொன்னது. மக்கீனும் அதை நம்பினார். வரிப்பத்தான்சேனையில் பெண் எடுத்து, மனைவி வீட்டோடு போனவர், கல்முனைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். சீனிமுகம்மது மூன்று மாதத்தில் காரை விற்றார். பிறகு சைக்கிள்தான்.

காரில் பிறந்த குழந்தைதான் சிபானா. போன ஜூலையில் அவளுடைய கணவன் முர்ஷித் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். கண்டிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் பழைய கார் காட்சியகம். அதில் ஒரு ஒஸ்டின், அதே இலக்கத்தகடு. சிபானா போகவேண்டும் என்றாள். உம்மாவை அடக்கிய கபுறு இருந்த பக்கத்தைக் கடல் அரித்து எடுத்துவிட்டது. போய் நிற்க அவளுக்கு வேறு இடமில்லை. சீனிமுகம்மது முழங்காலைச் சொன்னார், வெயிலைச் சொன்னார். மூன்று மாதம் இழுத்தார். ஒக்டோபரில் வாப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள்.

காட்சியகம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. நாற்பது கார்கள், எல்லாம் கண்ணாடி போல. பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒஸ்டின் கடைசி வரிசையில் நின்றது. கறுப்பு இல்லை, புறாச் சாம்பல் நிறம். தோட்டத்துரை ஒருவர் பாவித்த வாகனம் என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க ஐயா," என்றார் சுற்றிக் காட்டும் தனஞ்சயன். மாத்தளை இளைஞர்.

"தம்பி, இது எண்ட கார்."

"இங்க வர்ற எல்லாருக்கும் ஒரு கார் இருக்கு ஐயா. போன கிழமை ஒருத்தர் அந்த பென்ஸ் தன்னோடதுன்னார். வந்தது ஆட்டோவில."

"நாங்க பஸ்ஸில," என்றாள் சிபானா. "ஆனா வாப்பா பொய் செல்ற ஆளில்ல."

சீனிமுகம்மது அவளைப் பார்க்கவில்லை. "டிக்கியத் திறந்து பாருங்க தம்பி. இடப்பக்கம் ரெண்டு ஓட்டை இரிக்கும். பெற்றோல் கேன் கட்டுறதுக்கு நான் துளைச்சது."

தனஞ்சயன் திறந்து பார்த்தார். இரண்டு ஓட்டை. அவர் கயிற்றைக் கழற்றினார்.

"பின்னால கொஞ்சம் இரிக்கலாமா தம்பி?" சிபானா கேட்டாள். "நான் இதுக்குள்ளதான் பிறந்த."

"வேணாம் புள்ள," என்றார் சீனிமுகம்மது. "அந்தக் கதவு திறக்காது."

தனஞ்சயன் ஒரு விரலைக் கைபிடியில் வைத்து இழுத்தார். சத்தமில்லாமல் திறந்தது.

"வர்றப்ப இறுகித்தான் இருந்திச்சு ஐயா. கதவு மாட்டுற பிணைச்சல்ல ஒரு ஆணி தேஞ்சிருந்தது, அவ்வளவுதான். மாத்துறதுக்கு அரை மணித்தியாலம்கூட ஆகல."

சீனிமுகம்மது அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தனஞ்சயன் தண்ணீர் எடுக்க ஓடினார். சிபானா குனிந்தாள்.

"என்ன வாப்பா? தலை சுத்துதா?"

"மாமாட கை நடுங்கல்ல மகள். கதவுதான் பழுது. எனக்குத் தெரியும். இறங்கக்குள்ள அவனுக்கு ஒரு வார்த்தை செல்லியிருக்கணும். மறந்துபோயிற்றன்."

"அதுக்கு மறுகா?"

"மறுகா ஆக்கள் அவனச் சொன்னாங்க. நான் வாய் திறக்கல்ல."

"முப்பத்தஞ்சு வருசமா?"

"ஓம்."

சிபானா நிமிர்ந்தாள். காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். சீட்டுக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள்; கூரைத் துணியும் புதிது. உம்மா தொட்ட ஒன்றுமே உள்ளே மிஞ்சவில்லை. அவள் சீட்டின் மேல் ஒரு கையை வைத்து, நேரே பார்த்தபடி இருந்தாள். தனஞ்சயன் தண்ணீரோடு வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பாடசாலைப் பிள்ளைகளை வேறு வரிசைக்குக் கூட்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் சீனிமுகம்மது எழும்பி, பழைய பழக்கத்தில், கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சிபானா தானே திறந்துகொண்டு இறங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் இருந்தாள். அம்பாறை தாண்டிய பிறகுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வரிப்பத்தான்சேனையில மாமாட வீடு எங்க?"

"பள்ளிவாசலுக்குப் பின்னால. ஆள் ரெண்டு வருசமாப் படுக்கையில, மகள். வாயால கதை வராதாம்."

"காது கேக்கும்தானே?"

"கேக்கும் எண்டுதான் செல்றாங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு பேரும் மக்கீன் வீட்டுக்குப் போகிறார்கள். முர்ஷித் ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.