மைக்ரோஸ்கோப் அக்கா எழுந்திருக்கவில்லை

அந்த ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவள் ‘மைக்ரோஸ்கோப் அக்கா’. அவள் இயக்கும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் இருந்தது. அதற்கு வெளிச்சம் ஆகாது, அதிர்வு ஆகாது. காலையில் உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. மதியம் மாடித் தேநீர் அறைக்கு ஏறிவந்து, அகலமான ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் அவளுக்கு உயிரே வரும்.

ஒரு திங்கட்கிழமை தேநீர் அறைக் கதவில் பலகை தொங்கியது: ‘பேராசிரியர்கள், ஆய்வாளர்கள் மட்டும்.’ அவளைப் போன்ற தொழில்நுட்ப ஊழியர்கள் டீ குடிக்க ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். போய்ப் பார்த்தாள். துருப்பிடித்த பம்புகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூல். வந்த வழியே மாடியேறி, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

துறைத்தலைவர் வந்தார். “போர்டைப் பாக்கலையாம்மா?”

“பாத்தேன் சார்.”

“அப்புறம்?”

“டீ குடிச்சிட்டிருக்கேன் சார்.”

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். தலைவருக்கு முகம் சிவந்தது. “என் பேச்சுக்கு மரியாதையே இல்லையா?”

“உங்க மேல இருக்கு சார். அந்தப் பலகை மேலதான் இல்ல.”

வீட்டில், பஸ் டிரைவரான கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “உனக்கு எதுக்கு இந்த வீம்பு? அனுசரிச்சுப் போயேன்.”

“எல்லாரும் என்னைத்தான் பாத்துட்டிருக்காங்க. நான் எழுந்துட்டா, அப்புறம் யாரும் உக்கார மாட்டாங்க.”

குரல் உறுதியாகத்தான் இருந்தது. அடுப்பில் வைத்த பாலைத்தான் பொங்கவிட்டுவிட்டாள்.

மறுநாள் பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டும் அண்ணன் கிரீஸ் வாசனையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அடுத்து, சோதனை எலிகளைப் பராமரிக்கும் பெண். வாரக் கடைசியில் இடம் போதாமல் ஆய்வாளர்கள் சிலர் சுவரில் சாய்ந்தபடி குடித்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

தலைவர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கதவுக்குக் கார்டு பூட்டு மாட்டச் சொன்னார்.

“நான் உள்ள வரக்கூடாதுன்னு நானே பூட்டு மாட்டணுமா சார்? வேற ஆளப் பாருங்க.”

வேறு ஆள் கிடைக்கவில்லை. சில வாரம் கழித்துப் பலகையைக் காணோம். யார் கழற்றியது என்று தலைவரும் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஆண்டு பதவி உயர்வு அவளைத் தாண்டிப் போனது. வீட்டுக்கு வந்து சொன்னாள். கணவர் இந்தத் தடவை அனுசரிக்கச் சொல்லவில்லை.

“யாரைப் போய்க் கேக்கணும்?”

“துணைவேந்தரை.”

“சரி, நாளைக்கு நான் லீவு போடறேன். சேந்தே போவோம்.”