காற்றா... கரண்டா?

ஒரு டிரில் வாங்குவதில் என்ன பெரிய யோசனை வேண்டிக் கிடக்கிறது? கடைக்குப் போனோமா, வாங்கினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் — போன மாதம் வரைக்கும்.

என் மனைவியின் தம்பி ஆரோக்கியம் அயோத்தியாப்பட்டணத்தில் சின்னதாக ஒரு லாரி ரிப்பேர் பட்டறை வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். இரும்பில் துளை போட இப்போது இரண்டு விதமான டிரில் கிடைக்கிறது. ஒன்று காற்றில் சுற்றுவது. அதற்குக் கம்ப்ரசர், அதை ஓட்ட ஆயில் இன்ஜின், நீளமான ரப்பர் குழாய் என்று ஒரு குடும்பமே கூட வரும். இன்னொன்று கரண்டில் சுற்றுவது. சுவரில் சொருகினால் போதும். எதை வாங்குவது?

இரண்டையும் பிடித்து வேலை செய்தவரைக் கேட்டுவிடுவோம் என்று மச்சினனை நாமக்கல்லுக்கு அழைத்துப் போனேன். அங்கே முத்துசாமி எனக்குப் பழைய பழக்கம்; பார்த்துப் பல வருஷமாகிவிட்டது. நிலபுலன் உள்ள குடும்பம். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து லாரிக்கு பாடி கட்டும் பட்டறை போட்டார்கள். தம்பி இப்போது இல்லை. ஏதோ விபத்து என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

ஆரோக்கியம் தன் கேள்வியைக் கேட்டான். முத்துசாமி சிரித்தார். மறுபடியும் கேட்டான். மறுபடியும் சிரித்தார். அவருக்குக் காது கேட்கவில்லை என்று எங்களுக்கு உறைப்பதற்குள் அவர் மனைவி பாவாயி வந்து, அவர் காதோரம் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

பிறகுதான் முத்துசாமி தம்பியின் கதையைச் சொன்னார்.

ஆயுத பூஜைக்கு ஸ்பானர், சுத்தியல், உளி எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். அந்த வருஷம் புதிதாக வாங்கிய கரண்ட் டிரில்லையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள். அதுவும் ஆயுதம்தானே? அதை மட்டும் ஒதுக்கி வைக்க மனசு வருமா? மறுநாள் காலை நல்ல நேரத்தில் எடுத்து முதல் துளை போட வேண்டும். உள்ளே ஈரம் காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் தப்பிவிடும். பூஜை போட்ட இடம் என்பதால் செருப்பு கிடையாது. கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நின்று தம்பி சுவிட்சைத் தட்டியிருக்கிறார்...

யாருமே அலட்சியமாக இல்லை. எல்லாரும் பயபக்தியாகத்தான் செய்தார்கள்.

அன்றோடு முத்துசாமி கரண்டை மறந்தார். துளை போட, தகரத்தைப் பிணைக்கும் ரிவெட் ஆணி அடிக்க, எல்லாவற்றுக்கும் காற்றுதான். லாரி கேபினுக்குள் உட்கார்ந்து தகரத்தில் ரிவெட் அடித்தால் என்ன சத்தம் வரும்! வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே இருந்ததில் காது போய்விட்டது. ஆனால் அவருக்கு வருத்தமில்லை.

"காத்து எங் காதத்தானுங்க எடுத்துக்கிச்சு. ஆள எடுக்கலீங்களே" என்றார்.

பாவாயி எங்கள் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், புருஷனை வைத்துக்கொண்டே சொன்னார்: "ஆளு இருக்கறாரு, சாமி. இல்லீன்னு சொல்லலீங்க. ஒரு வார்த்த பேசோணும்னா ஊருக்கே கேக்கற மாதிரி கத்தோணும். புருசன் பொண்டாட்டி பேசறதெல்லாம் கத்திப் பேசற விசயமுங்களா?"

முத்துசாமி எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார்.

திரும்பி வரும் வழியில் பஸ் ராசிபுரம் தாண்டியது. ஆரோக்கியம் மெல்ல, "கரண்ட் டிரில்லே வாங்கிடறேன் மாமா. நமக்குத்தான் ஆயுத பூஜை கிடையாதே" என்றான்.

நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. தலையாட்டினேன்.

பட்டறைத் திறப்பு விழா வந்தது. மேஜையில் மாதா படம், மெழுகுவர்த்தி, பக்கத்தில் பளபளவென்று டிரில். தரையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தோம். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி, பட்டறையை மந்திரித்து, தீர்த்தம் தெளித்தார். தாராளமான மனசு அவருக்கு — டிரில்லுக்குத் தனியாக, மூன்று பக்கமும் தெளித்தார். அதன் காற்றுத் துவாரத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆரோக்கியம் சாமியார் இருக்கும்போதே ஒரு துளை போட்டுக் காட்ட வேண்டும் என்று டிரில்லைக் கையில் எடுத்தான். ஈரத்தில் வெறுங்கால்...

ஓடிப்போய்ச் சுவர்ப் பலகையிலிருந்த ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விளக்கு அணைந்தது. நல்ல காரியத்தில் விளக்கு அணைந்தால் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். "டிரில் நல்லாக் காயட்டும், நாளைக்கு ஃபியூஸைத் தர்றேன்" என்றேன். ஆரோக்கியத்தின் முகம் சிவந்துவிட்டது. சாமியார் முன்னால் இப்படி மானத்தை வாங்கிவிட்டீர்களே என்றான். என் மனைவியும் தம்பி பக்கம்தான்.

மறுநாள் நன்றாகக் காய வைத்து ஓட்டியிருக்கிறான். டிரில் ஜோராக ஓடியிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை! அப்படியானால் நான் செய்தது வெறும் பைத்தியக்காரத்தனம் என்று குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்டது. நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி சொல்லும். நடக்காத விபத்துக்கு யாரைக் கூப்பிட்டு நிரூபிப்பது?

அடுத்த வருஷமும் மந்திரிப்பார்கள். அதற்கடுத்த வருஷமும் தீர்த்தம் விழும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நான் நிற்க முடியுமா? இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

மச்சினன் இன்னும் என்னோடு பேசவில்லை. போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போனான்.

நடந்துதானே போனான்... எனக்கு அது போதும்.