நான் உடைச்ச மாலுமி மண்டை

பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே எனக்கென்ன வெக்கம், சொல்லிடறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல ஒரு நாள் ரங்கூன் துறைமுகத்துல ரெண்டு கூலிக் கூட்டம் மூட்டைக் கொக்கியாலயே வெட்டிக்கிட்டாங்க. சேதி கேட்டு, அரிசி இடிச்ச உலக்கையோட ஓடினேன். அங்க மூட்டை தூக்குற எங்க வீட்டுக்காரர் ரத்தத்துல கெடந்தாரு. அவருக்கு மேல காலை அகட்டி நின்னுக்கிட்டு ஒரு வெள்ளைக்கார மாலுமி, கையில இரும்புக் கம்பியோட "சூவாம், சூவாம்"னு கத்தினான். கொல்லப் போறான்னு பின்னாலேருந்து மண்டையில ஒரே போடு போட்டேன்.

வீட்டுக்காரர் முனகினாரு: "அடியே, என்னைக் காப்பாத்துனவனை ஏண்டி சாய்ச்ச?"

அவன் மண்டைக்கு மஞ்சப்பத்து போட்டுக் கட்டுறப்ப, குரோஷியாக்காரனான அந்த மாலுமி அரைகுறை இந்துஸ்தானியில வெளக்கம் சொன்னான். சூவாம்னா நான் காக்குறேன், சூவாஷ்னா நீ காக்குற, சூவா அப்படின்னா அவன் காக்குறான். காதால கேக்குறதுக்கான பழைய சொல்லோட ஒட்டிப் பொறந்ததாம்.

"அடுத்த தடவை தமிழ்ல காப்பாத்துப்பா, எனக்கும் உலக்கை மிச்சம்"னேன். அவன் சிரிக்கப் போயி, வலியில மொகத்தைக் கோணிக்கிட்டான்.

எனக்கு அப்புறம் சிரிப்பு வரல. அவன் பாஷை தெரியாதுங்கறது சும்மா சாக்கு. கம்பியை, அவரை வெட்ட வந்த கூட்டத்தைப் பாத்துத்தான் நீட்டியிருந்தான். அது என் கண்ணுல நல்லாப் பட்டுச்சு. வெள்ளைத் தோலைப் பாத்ததும் வேற எதையும் பாக்க எனக்கு மனசு வரல.