கயிறு கட்டிய இரும்பு நண்டு

“வெள்ளி மாலை. நண்டு இன்றும் உட்கார்ந்துவிட்டது.” என் நாட்குறிப்பில் அந்த வாரம் முழுக்க ஏறக்குறைய இதே வரிதான், கிழமை மட்டும் மாறுகிறது.

திருவொற்றியூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய பாகங்களால் சிலை செய்கிறார். இந்த நண்டுக்கு ஓடு ஒரு பிரேக் டிரம். கால்கள் படகு எஞ்சினின் கனெக்டிங் ராடுகள். கண்கள் இரண்டு வால்வுகள். காத்திவாக்கத்தில் நான் போய்ப் படிக்கும் படிப்பகத்தின் வாசலுக்கென்று கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை வண்டி வரும். நிற்காத சிலை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

நிற்காததற்குக் காரணம் தெரிந்ததுதான். ஒவ்வொரு கால் மூட்டிலும் பேரிங் வைத்திருந்தார். போதாதென்று தினமும் எண்ணெய் விட்டார். டிரம்மின் கனம் இறங்கியதும் கால்கள் வழுக்கிப் பரந்துவிடும்.

“மூட்டுல ஒரு பொட்டு வெல்டு வெச்சா நிக்குமே?” என்றேன்.

“நிக்கும் நைனா. சுத்தற சாமானைச் சுத்தாம பண்றதுக்கா இத்தினி வருசம் வேலை செஞ்சேன்? அதுக்குப் பேரு கொலை.” பேசிக்கொண்டே மூட்டுகளின் எண்ணெயைத் துணியால் துடைத்தார்.

அவர் மனைவி காசிமேட்டில் நண்டு விற்பவர். காலிக் கூடையோடு வந்தவர் சிலையை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இன்னாய்யா, இன்னிக்கும் குந்திகினு கீது? கட்டுனியா?”

“எதை?”

“நண்டைத்தான். கட்டாத நண்டு எங்கனா சொன்ன எடத்துல நிக்குமா?”

“அது இரும்புடி.”

“இரும்புன்னா இன்னா? காலு கீதுல்ல! ரெண்டு பேரும் தூக்கிப் புடிங்க.”

சிரித்துக்கொண்டே தூக்கினோம். கூடையிலிருந்த நைலான் கயிற்றை எடுத்து, உயிர் நண்டுக்குப் போடும் அதே கட்டைப் போட்டார்: கொடுக்குகளை மடக்கி ஒரு சுற்று, கால்களை இழுத்துச் சேர்த்துக் குறுக்கே ஒரு சுற்று, வயிற்றடியில் முடிச்சு. கையை எடுத்தோம். நின்றது. ஃபிட்டர் ஒரு காலைத் தட்டினார். அது லேசாக அசைந்து நிலைக்கு வந்தது.

“உசுரு கீது,” என்றார்.

சனிக்கிழமை நண்டு வண்டி ஏறியது. படிப்பகத்தில் எழுந்த முதல் கேள்வி, ஆண் நண்டா பெண் நண்டா என்பது. வயிற்று மடலைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அங்கே முடிச்சு இருந்தது.

என் சந்தேகம் வேறு. நண்டு நின்றது கயிற்றாலா, எண்ணெயைத் துடைத்ததாலா? முடிச்சை அவிழ்த்துப் பார்க்கலாமா என்று, அதைப் போட்ட ஃபிட்டர் வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

“தொட்டுத்தான் பாரேன்,” என்றார்.

இதுவரை சரிபார்க்கப்படவில்லை.