சக்களத்திக்குப் போட்ட மாலை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் சின்ன கிராமம் எங்களுடையது. கல்வராயன் மலையில் மழை பிடித்தால் ஓடைத் தண்ணீர் நேராக எங்கள் ஏரிக்குத்தான் வரும். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடத்தைக் கோடி என்போம். அந்தக் கோடியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் என் சக்களத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் கணவர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொல்லையில் மோட்டார் நின்றுபோனாலும் இவருக்குத்தான் போன் வரும். கயிறு கட்டி மோட்டாரை மேலே தூக்குவார், சரிசெய்வார், மறுபடி கயிறு கட்டி உள்ளே இறக்குவார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இதே வேலைதான். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். எங்கள் பெண்ணைச் சேலத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். அவள் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு ரொம்பக் குறைந்துபோனது. சண்டையெல்லாம் இல்லை. சோறு போடட்டுமா, போடு. மழை வருமா, வரும். அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் ஒரு வேலையாகக் கடலூர் போனவர், சாக்கில் சுற்றிய எதையோ தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். பிரித்துப் பார்த்தால் பழைய படகு மோட்டார். கடலில் போகிற படகின் பின்பக்கம் மாட்டியிருப்பார்களே, மேலே எஞ்சின், கீழே நீளமாக ஒரு கால், கால் நுனியில் விசிறி, அதுதான். உப்பு அரித்து, பெயின்ட் உரிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடந்ததாம். எங்கள் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் இவருடைய கூட்டாளி. அவரிடம் ஒரு பைபர் படகு இருக்கிறது. துடுப்பு போட்டுப் போட்டுத் தோள் வலிக்கிறது என்கிறவருக்கு, இதைச் சரிபண்ணி மாட்டித் தருகிறேன் என்று இவர் வாக்கு வேறு கொடுத்துவிட்டார்.

ஆம்பிளைக்கு ஏதோ ஆசை, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அதை வைப்பதற்கு அவருக்குக் கிடைத்த இடம் முன்னறை ஜன்னலோரம். அதாவது என் தையல் மெஷின் இருந்த இடம். மெஷினைத் தூக்கிப் பிரிட்ஜுக்குப் பக்கத்து இருட்டில் வைத்துவிட்டு, "இதுக்கு வெளிச்சம் வோணும்" என்றார். நான் என்னவோ கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவுவார், நேரே அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தான் சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடத் தெரியாத மனுஷன், பல் தேய்க்கிற பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி அதன் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். துடைப்பதற்கு எங்கிருந்தோ மெத்தென்று ஒரு துணி வைத்திருந்தார். உற்றுப் பார்த்தேன். வளைகாப்புக்கு எங்கள் அம்மா எடுத்துக்கொடுத்த நீலச் சேலை. பழசுதான், கட்டுவதில்லைதான். அதற்காக?

பேச்சு வேறு. என்னிடம் இல்லாத பேச்சு. "இவளுக்குக் காத்து ஜாஸ்தியா போவுது", "இவ கொஞ்சம் மொரண்டு புடிக்கிறா" என்று அவர்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரைத் திருப்புவார். அது என்ன இவ? என் பெயரை அவர் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. போனில் யாரோ மலையாளத்திலும் இந்தியிலும் பேசுகிற வீடியோக்களை, ஒரு சொல் புரியாமல், கண் கொட்டாமல் பார்ப்பார். ஒரு சாமானுக்காகக் கள்ளக்குறிச்சி லேத் பட்டறையில் வேலையை விட்டுவிட்டு நாள் பூராவும் காத்துக்கிடந்தார். என் மெஷினுக்குப் பெல்ட் தளர்ந்து, மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று நான் தை மாதத்திலிருந்து கேட்கிறேன். பதில் ஒரே பதில், நாளைக்கு.

ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மாத்திரை வாங்கிவந்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனுக்கு ஒடம்பு சுட்டா ஒரு மாத்திர. அதுக்கு மட்டும் பொழுதன்னிக்கும் பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்கீங்களே."

"அதுக்கு வாய் இல்லியே, எங்க வலிக்குதுன்னு சொல்றதுக்கு."

"எனுக்கு வாய் இருந்து இன்னா பிரயோஜனம்? கேக்கறதுக்கு ஆளு இல்லியே."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடு என்றார்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இதெல்லாம் சினிமா மாதிரி. துணி தைக்கக் கொடுக்க வரும்போதெல்லாம் ஜன்னலோரம் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, உன் சக்களத்தி இன்னும் பேச ஆரம்பிக்கலியா?" என்பாள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

ஒரு நாள் அது பேச ஆரம்பித்தது. புழக்கடையில் மரச்சட்டம் அடித்து அதில் மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்தார். ஊரே கேட்கிற மாதிரி உறுமியது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஆனால் ஆயில் எஞ்சினை ஓட்டுகிற மாதிரியே நினைத்து வெறும் தரையில் ஓட்டிவிட்டார். அதன் கால் தண்ணீருக்குள் இருந்தால்தான் அது தண்ணீரை இழுத்துத் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளுமாம். உள்ளேயிருந்த ரப்பர் சக்கரம் கருகி நாறியது. மனுஷன் அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் விடுகிறவரா? புது ரப்பர் வரவழைத்தார். அடுத்த தடவை ஓட்டிப் பார்க்க, நான் குடிதண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்மை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த டிரம்மில் வைத்த தண்ணீரை மாடுகூடக் குடிக்கவில்லை.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. நல்ல நாள் பார்த்து மோட்டாரைப் படகில் மாட்டுவதாக ஏற்பாடு. அன்று காலையில் கச்சிராயபாளையம் போய் வந்தவர் கையில் வாழை இலைப் பொட்டலம். பூ வாசனை வாசலிலேயே அடித்தது. எனக்குப் பூ வாங்கி வந்து எத்தனையோ வருடமாயிற்று. பரவாயில்லை, மனுஷனுக்கு இன்றைக்காவது தோன்றியதே என்று ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து அந்தச் சாமந்தி மாலையை அதன் கழுத்தில் போட்டார். வண்டி வாகனம் எதுவானாலும் முதல் ஓட்டத்துக்கு மாலை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். தெரியாதா எனக்கு? ஆனால் நீட்டிய கை நீட்டியபடி நின்றேனே, அதை என்னால் தாங்க முடியவில்லை. மாலை காற்றில் விழுந்துவிடக் கூடாதென்று வலைக் கயிறு ஒரு துண்டை வைத்து வேறு இறுக்கிக் கட்டினார்.

கரையில் குத்தகைக்காரர் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோட்டாரை மாட்டித் திருகை இறுக்கினார்கள். கூட்டாளி இரண்டு பேரும் ஏறுவதாகத்தான் பேச்சு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனேன்.

"இத்தினி மாசம் இதுகூடக் குடும்பம் நடத்துனது நானு. மொதல்ல நான்தான் ஏறுவேன்."

குத்தகைக்காரர் சிரித்துவிட்டு வழிவிட்டார். "ஏறுங்க அண்ணி. அண்ணே, அந்தத் துடுப்ப எடுத்துப் போட்டுக்க."

"மோட்டாரு இருக்கச்சொல்ல துடுப்பு இன்னாத்துக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். அத்தனை பெருமை அவருக்கு.

படகு போனது. பொய் சொல்லக் கூடாது, ஜோராகத்தான் போனது. மலை மேலெல்லாம் மேகம், முகத்தில் சாரல். அவர் ஒரு கையால் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் புது மாப்பிள்ளை தோற்றான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஏரியின் நடுவைத் தாண்டியதும் மடக் என்று ஒரு சத்தம். மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது, படகு மட்டும் நகரவில்லை. எட்டிப் பார்த்தார். மாலை நனைந்து கீழே நழுவி, அதைக் கட்டிய வலைக் கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டு, விசிறியைப் பிடித்திருந்த ஆணி ஒடிந்துபோயிருந்தது. இனி எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் விசிறி சுற்றாது. அணைத்துவிட்டார். அப்போதுதான் இன்னொரு சத்தம் எனக்குக் கேட்டது. கோடியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

நகரவில்லை என்று நினைத்தேனே, படகு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கோடிப் பக்கமாக. மழைத் தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. கோடிச் சுவரைத் தாண்டினால் அந்தப் பக்கம் பாறை. துடுப்பு கரையில். அவர் கிணற்றில் குதித்தே வளர்ந்தவர், நீந்திவிடுவார். எனக்கு நீச்சல் தெரியாது. கரையில் குத்தகைக்காரர் கத்திக்கொண்டே பரிசலைத் தேடி ஓடுவது தெரிந்தது. அவர் வந்து சேர்வதற்குள் நாங்கள் போய்விடுவோம் என்பதும் தெரிந்தது.

திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அவசர அவசரமாக மோட்டாரின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிஷம் எனக்குச் சாவு பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. நம்புங்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமையில் அழைக்காதவரைப் பார்த்துக் கத்தினேன்.

"அதத் தூக்கிகினு நீந்தப் போறியா? போ. என்னிய இங்கயே வுட்டுட்டு அவள இட்டுகினு போ."

"குனிஞ்சி ஒக்காரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

படகின் முன்வளையத்தில் கட்டியிருந்த நீளக் கயிற்றை என் காலடியிலிருந்து உருவினார். மோட்டாரின் கழுத்தில் ஒரு சுற்று, காலைச் சேர்த்து ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கிணறு கிணறாக மோட்டார் இறக்கிய கை. கண் பார்க்காமலே போட்டது. பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி அப்படியே ஏரிக்குள் போட்டார். சந்தனப் பொட்டோடு, மிச்ச மாலையோடு அது மூழ்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றையே பார்த்தார்.

கயிறு ஓடியது, ஓடியது, பிறகு விறைத்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கிற வேலிக்கருவை மரங்களில் எதிலோ அந்த விசிறியும் காலும் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டன. கோடிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பஸ் நீளம்தான் இருந்தது.

குத்தகைக்காரர் பரிசலில் சுற்றிவந்து எங்களை ஏற்றிக்கொண்டார். படகை அங்கேயே விட்டு, கரையோரமாகத் தள்ளித் தள்ளி வந்து சேர்ந்தோம். கரையில் உட்கார்ந்த பிறகுதான் இவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மோட்டாரு?" என்றேன்.

"போனா போவுது வுடு. தண்ணியில எறக்கறதுதான என் வேல" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிறகு என் பெயரைச் சொன்னார். வேறு எதுவும் இல்லை, பெயரை மட்டும்தான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மழை விட்டுத் தண்ணீர் இறங்கியதும் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் குத்தகைக்காரரிடம் போய் நின்றேன், கயிற்றைப் பிடித்து எடுத்துக் கொடுங்கள் என்று. சேறும் முள்ளுமாக வந்தது. இப்போது அது பழையபடி முன்னறை ஜன்னலோரம்தான், அக்குவேறு ஆணிவேறாகக் கிடக்கிறது. சேற்றை நான்தான் கழுவினேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, சக்களத்திய நீயே குளிப்பாட்டுற?" என்றாள். வேலையைப் பாரடி என்றேன். இன்னும் அது ஓடவில்லை. ஓடும் என்கிறார்.

அதற்காக எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவர் அதைத் துடைக்கும்போது இன்றைக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. என் தையல் மெஷின் பெல்ட்டும் இன்னும் வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, கேட்டால் நாளைக்கு என்கிறார். கோபம் தலைக்கு ஏறும். ஏறுகிற அதே வேளையில், அன்று அது ஏரிக்குள் விழுந்த சத்தம் காதில் கேட்கும், சரி, நாளைக்கே மாற்றிக்கொடுக்கட்டும் என்று மிதிக்க ஆரம்பித்துவிடுவேன்.