மேட்டுக் கட்டடத்து ஐவியின் மகள்

ஸ்கார்டேல் ஊரில் யாரையாவது மிரட்ட வேண்டுமென்றால் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. "மேடேறிப் போயிடுவ, பாத்துக்கோ" என்றால் போதும். குடிகாரப் புருஷனுக்கும் அதுதான், ஆலைக்கு மட்டம் போடுகிறவனுக்கும் அதுதான், கண்ட பையன்களோடு சுற்றுகிற பெண்ணுக்கும் அதுதான்.

மேட்டின் மேல் இருந்தது ஏழையர் விடுதி. விக்டோரியா மகாராணி காலத்தில் கருங்கல்லில் கட்டியது. போக்கிடம் இல்லாதவர்கள் அங்கே போய் நின்றால் வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றுவார்கள். வாசலைத் தாண்டியதுமே புருஷன் ஒரு முற்றத்துக்கு, பெண்டாட்டி ஒரு முற்றத்துக்கு, பிள்ளைகள் வேறு முற்றத்துக்கு என்று பிரித்துவிடுவார்கள். மகாராணி செத்து, ராஜாக்கள் மாறி, விடுதியை ஒழித்தாயிற்று என்று லண்டனில் சட்டமும் போட்டுவிட்டார்கள். பெயர்ப்பலகையை மாற்றினார்களே தவிர, உள்ளே இருந்தவர்கள் உள்ளேயேதான் இருந்தார்கள்.

ஈனிட் பிறந்தது அங்கேதான்.

அவளுடைய அம்மா ஐவி சக்டன், துணிக்கடைக்காரர் வீட்டில் வேலை செய்த பெண். அந்த வீட்டு மகனால் வயிறு கனத்ததும் கடைக்காரரின் மனைவி பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். சொந்த அப்பாவோ ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிற மனிதர், கதவையே திறக்கவில்லை. ஐவி மழையில் நனைந்தபடி மேடேறினாள். குழந்தை பிறந்த பிறகு ஒரு டாக்டரும் கோட்டுப் போட்ட இரண்டு பெரிய மனிதர்களும் அவளை நிற்க வைத்து ஏதேதோ கேட்டார்கள். அவள் பயத்தில் பதில் சொல்லாமல் நின்றாள். "ஒழுக்கத்தில் புத்தி குறைந்தவள்" என்று முடிவு கட்டினார்கள். அந்தக் காலச் சட்டத்தில் அப்படி ஒரு வகை இருந்தது. அந்தப் பெயர் விழுந்துவிட்டால் தானாக வெளியே போக முடியாது. யாராவது வந்து பொறுப்பேற்றுக் கூட்டிப் போக வேண்டும். ஐவிக்கு யார் வரப் போகிறார்கள்? சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

பால்குடி மறந்ததும் ஈனிட்டை மேட்டடியில் இருந்த அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். நினைவு தெரிந்த வயதில் ஒருநாள், "எங்கம்மா எங்க?" என்று இல்லத்துப் பொறுப்பாளியிடம் கேட்டாள்.

"செத்துப் போயிட்டா. போ, போய் உருளைக்கிழங்க உரி."

ஈனிட் போய் உரித்தாள். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

வளர்ந்து கம்பளி ஆலையில் நூல் பிரிவில் சேர்ந்தாள். பஸ் ஓட்டுகிற வில்ஃப் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதிகம் பேசாதவன், நல்லவன். பிள்ளை இல்லை. வில்ஃபின் தங்கை மேவிஸ் அண்ணனுக்கும் சேர்த்துப் பேசுவாள். மேட்டுக் கட்டடம் முதியோர் ஆஸ்பத்திரி ஆகியிருந்த சமயம் அது. மேவிஸ் அங்கே தரை துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வேலை முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஈனிட், உங்கம்மா பேரு என்னடி?"

"பொறப்புச் சீட்டுல ஐவின்னு போட்டிருந்தது. ஏன்?"

"உக்காரு."

"நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

"உக்காருங்கிறேன்ல. சலவைக்கூடத்துல ஒருத்தி இருக்கா. துணிய ஒதறும்போது உன்ன மாதிரியே இடது தோள மேல தூக்குறா. மூக்கும் உன் மூக்குதான், பாவம். பேரு என்னன்னு கேட்டேன். ஐவி சக்டனாம்."

ஈனிட் அடுப்பை அணைத்தாள். பிறகு அது ஏற்கெனவே அணைந்திருந்ததைக் கவனித்தாள்.

மறுநாள் மேவிஸ் அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனாள். சலவைக்கூடத்தில் ஆவியும் சலவைச் சோடாவின் நெடியும் முகத்தில் அடித்தன. நரைத்த தலையைக் காதளவு வெட்டிய ஒரு பெண் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கைகள் வெந்து வெடித்து, முழங்கைவரை செம்மண் நிறத்தில் இருந்தன.

"அம்மா," என்றாள் ஈனிட். "நான்தான் ஈனிட்."

ஐவி மரியாதையாக நிமிர்ந்து நின்றாள். "வணக்கம் மேடம். எனக்கும் ஒரு ஈனிட் இருக்கா. சின்னக் குழந்தை. குழந்தைங்க இல்லத்துல இருக்கா. நல்லா நடந்துக்கிட்டா பாக்க விடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் நல்லாத்தான் மேடம் நடந்துக்குறேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் அவள் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தாள்.

அவளை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரியில் யாருக்கும் பதில் தெரியவில்லை. புதிதாக வந்திருந்த டாக்டர் தலையைச் சொறிந்தார். "இவங்க இங்க வேலை பாக்குறவங்கன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!" என்றார். கூட்டிப் போவதற்கு இப்போது தடை ஒன்றும் இல்லை. வில்ஃப் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, மாமியாருக்குக் கை கொடுத்துப் பஸ்ஸில் ஏற்றினான். ஐவி வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் எந்தக் கதவையும் தானாகத் திறக்க மாட்டாள். மூடிய கதவுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள்; யாராவது வந்து திறக்கும்வரை நிற்பாள். கக்கூஸ் போவதற்கும் "போகலாமா மேடம்?" என்று கேட்பாள். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டுகள் பூசணம் பிடித்துக் கிடந்தன. ஈனிட் அவற்றை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதுத் துண்டை வைப்பாள்.

"என்ன ஈனிட்னு கூப்பிடும்மா."

"சரிங்க மேடம்."

ஒரே ஒரு நாள் அவள் சிரித்தாள். கொல்லையில் கொடி கட்டியிருப்பதைப் பார்த்ததும் வீட்டிலிருந்த போர்வை, திரைச்சீலை, மேசைவிரிப்பு எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என் வீட்டுக்காரரையும் அனுப்பவா கண்ணு? அவரும் கொஞ்சம் அழுக்காத்தான் இருக்காரு." ஐவி அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டாள். "ஆம்பளைங்க துணி புதன்கிழமை," என்றாள். அடுத்த வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, ஐவியும் சிரித்தாள். வில்ஃப் ஓடிப் போய் கேமரா எடுத்து வந்து ஒரு படம் எடுத்தான்.

பனிக்காலம் ஆரம்பித்த ஒரு திங்கட்கிழமை ஈனிட் ஆலையிலிருந்து வந்தபோது வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஐவி இல்லை. மேவிஸ்தான் சொல்லி அனுப்பினாள். ஐவி வீட்டுச் செருப்போடு, கோட்டு இல்லாமல், பனியில் மேடேறி வந்திருக்கிறாள். சலவைக்கூட வாசலில் நின்று, "இன்னைக்குத் திங்கக்கிழமை, துணி நெறைய இருக்கும். லேட்டாயிடுச்சு, மன்னிச்சிடுங்க" என்றாளாம்.

ஈனிட் போய் எவ்வளவோ கெஞ்சினாள். "வீட்டுக்கு வாம்மா."

ஐவி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். மேட்டில் கண்டுபிடித்த நாளிலிருந்து அதுவரை அவள் ஈனிட்டைத் தொட்டதே இல்லை. "நீங்க ரொம்ப நல்லவங்க மேடம். ஆனா என் கொழந்த வந்தா நான் இங்க இருக்கணும்ல?"

ஐவியை அங்கேயே ஒரு கட்டிலில் சேர்த்துக்கொண்டார்கள். ஈனிட் ஓய்வு நாள்தோறும் போய், பார்வையாளர் அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேக்கைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்துவிட்டு வருவாள். சில வருஷம் கழித்து நெஞ்சில் சளி கட்டி ஐவி போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை ஈனிட் அவளுக்கு மேடம்தான்.

பிறகு ஆஸ்பத்திரியை மூடினார்கள். கட்டடம் புறா அடைந்து கிடந்தது. வில்ஃபும் இறந்துபோனான். அதற்கும் பிறகுதான் யாரோ ஆர்வலர்கள் கூடி, அந்த இடத்தை மகாராணி காலத்து ஏழையர் விடுதி அருங்காட்சியகம் என்று மாற்றித் திறந்தார்கள். ஊரே பார்த்துவிட்டு வந்தது. ஈனிட் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

முதியோர் சங்கம் அங்கே போகப் பஸ் ஏற்பாடு செய்தபோது மேவிஸ் அவளிடம் சொல்லவே இல்லை. யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு ஈனிட்டே வந்து கேட்டாள்.

"நானும் வரேன்டி."

"உனக்கென்ன பைத்தியமா? அங்க எதுக்கு?"

"அவ எங்க படுத்திருந்தான்னு பாக்கணும். பொம்பளைங்க படுக்கிற எடத்துக்கு அப்பல்லாம் என்னைய விடவே இல்லையே."

மேவிஸுக்கு முழங்கால் சரியில்லை, இருந்தாலும் அவளும் கிளம்பினாள்.

வாசலில் பழங்காலத்துக் கறுப்பு உடையும் வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒரு பெண்மணி நின்றிருந்தாள். விடுதித் தலைவி வேஷம். ரோஸ்மேரி என்று பெயர். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், சும்மா உதவிக்கு வருகிறவள். வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி மிரட்டிச் சிரிக்க வைப்பது அவள் வழக்கம்.

"வரிசையா நில்லுங்க! கைய நீட்டுங்க, நகத்துல அழுக்கு இருந்தா கஞ்சி கெடையாது!"

சங்கத்துக் கிழவர்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். மேவிஸ், "எனக்குக் கஞ்சி வேணாம், டீயும் பிஸ்கட்டும் குடுத்தா போதும்" என்றாள். அதற்கும் சிரிப்பு. ரோஸ்மேரி சாவிக்கொத்தைக் குலுக்கியபடி ஈனிட்டின் முன்னால் வந்து நின்றாள்.

"நீ யாரு புதுசா? உங்கம்மா எங்க?"

"சலவைக்கூடத்துல," என்றாள் ஈனிட்.

எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல பதில், விளையாட்டுக்கு ஏற்ற பதில் என்று நினைத்தார்கள். ரோஸ்மேரிக்கும் உற்சாகம் பிறந்தது.

"அப்படியா! நல்லபடியா நடந்துக்கோ, ஞாயித்துக்கிழமை பாக்க விடுறோம்."

ஈனிட்டின் நீட்டிய கைகள் கீழே இறங்கவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மேவிஸ் வரிசையை உடைத்துக்கொண்டு வந்து அவளைத் தாங்கினாள்.

"வாய மூடும்மா! அவங்கம்மா நெஜமாவே இங்கதான் இருந்தா. இந்தக் கட்டடத்துலதான் வெந்து நொந்து செத்தா."

சிரிப்பு நின்றது. ரோஸ்மேரி தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். ஈனிட் உட்காரவில்லை. "மாடிக்கு எப்படிப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மாடியில் பெண்கள் படுக்கும் நீளக் கூடம். இரும்புக் கட்டில்கள் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தன. இடையில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். ஜன்னல்கள் எட்டாத உயரத்தில், வெளிச்சத்துக்காக மட்டும் இருந்தன. வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கட்டில்களைத் தொடாமலிருக்கக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. ஈனிட் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய் ஒரு கட்டிலில் உட்கார்ந்தாள். மூலையில் நின்ற காவலாள் ஓடி வந்தான்.

"மேடம், அங்க உக்காரக் கூடாது."

மேவிஸ் அவனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றாள். "நீ போய்ச் சுவத்த பாத்துக்கிட்டு நில்லு தம்பி. அவ எந்திரிக்கிறப்ப எந்திரிப்பா."

வைக்கோல் மெத்தை சரசரத்தது. எந்தக் கட்டில் ஐவியுடையது என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி. ஈனிட் விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள், மூலையை இழுத்து மடித்தாள், மறுபடி நீவினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அது வரவில்லை. குளிர்தான் எடுத்தது.

கீழே இறங்கியபோது ரோஸ்மேரி காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, அவர்களுடைய கதையைப் பதிவு செய்யலாமா, அம்மாவின் படம் இருந்தால் சுவரில் வைக்கலாமா, ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"படம் இருக்கு," என்றாள் ஈனிட். "தர மாட்டேன். அவகிட்டேருந்து இந்தக் கட்டடம் எடுத்துக்கிட்டதே போதும்."

பழைய சலவைக்கூடம் இப்போது டீக்கடை. சங்கத்துக்காரர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஈனிட் உள்ளே போகவில்லை. பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ரோஸ்மேரி வீடு தேடி வந்தாள், கையில் தானே செய்த கேக்குடன். ஈனிட் உள்ளே விட்டாள். மேவிஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுகிறோம் என்கிற அந்த வசனத்தை இனிமேல் பேசப் போவதில்லை என்றாள் ரோஸ்மேரி. "வேற நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம் கண்ணு. நீ வேஷந்தான போட்ட." ஈனிட் கொஞ்சம் யோசித்தாள். "கேக் நல்லா இருக்கு. அவளுக்கும் பிடிக்கும், இந்த மாதிரி திராட்சை போட்டா."

ரோஸ்மேரியை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்ததும் உடைந்துபோனாள். இத்தனை வருஷத்தில் மேவிஸ் அவள் அழுது பார்த்ததில்லை; அண்ணன் சாவில்கூட இல்லை. வாய் ஓயாத மேவிஸ் எழுந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே நின்றாள்.